மஞ்சள் கறையிலிருந்து ஆரம்பிக்கலாம்: வீட்டுப் பொருட்களை வைத்துச் செய்யும் அறிவியல் சோதனைகள்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது. ஓடிப்போய்க் குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்க்கிறோம். மஞ்சள் கறை சட்டென்று சிவந்துவிடுகிறது. அலசினால் மறுபடி மஞ்சள். நம் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால், "ஏன் அப்படி?" என்று நின்று, வேண்டுமென்றே இன்னொரு முறை செய்து பார்த்தவர்கள் குறைவு. அந்த இன்னொரு முறையில்தான் சோதனை ஆரம்பிக்கிறது.

சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மாதிரி சோதனைகளைச் செய்து வருகிறேன். பொருள் கிடைப்பது ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிறம் மாறியதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள், உடனே "அடுத்து என்ன?" என்பார்கள். அப்படி விட்டால் அது வேடிக்கையோடு நின்றுவிடும். அதனால் மூன்று பழக்கங்களை முதல் நாளிலேயே கொண்டு வந்துவிடுங்கள். செய்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். எதையும் மாற்றாத ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டு போதும். தேதி, ஊகம், செய்தது, நடந்தது என்று நான்கு வரி. ஊகம் தப்பாகப் போனால் அடிக்கவோ திருத்தவோ விடாதீர்கள். பல நேரம் நோட்டிலேயே உபயோகமான வரி அதுதான்.

முதல் சோதனை: மஞ்சள் தாள்

1. அரை ஸ்பூன் மஞ்சள்தூளை மூன்று ஸ்பூன் வெந்நீரில் நன்றாகக் கலக்குங்கள். மஞ்சளில் இருக்கும் நிறப்பொருளுக்குக் குர்குமின் என்று பெயர். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கை கழுவும் சானிடைசர் தண்ணீர் பதத்தில் இருந்தால் அதில் கலக்கலாம், நிறம் பளிச்சென்று ஏறும். ஆனால் அது தீப்பிடிக்கும் பொருள், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

2. ஓவிய நோட்டுத் தாள் ஒன்றில் இதைத் தடவி, நிழலில் காயவிட்டு, விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பளபளப்பான தாள் சரிவராது.

3. சின்னக் கிண்ணங்களில் எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், வெறும் தண்ணீர், ஆப்ப சோடா கரைசல், துணி சோப்புத் தண்ணீர், வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பைக் கரைப்பது பெரியவர்கள் வேலை. கண்ணில் பட்டால் ஆபத்து, கையில் பட்டாலும் உடனே கழுவிவிட வேண்டும்.

4. எது சிவக்கும், எது சிவக்காது என்று எல்லோரும் எழுதிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தாள் துண்டை நனையுங்கள்.

எலுமிச்சையிலும் புளியிலும் மாற்றமே இருக்காது. வெறும் தண்ணீரிலும் அப்படித்தான். ஆப்ப சோடாவில் லேசாகச் சிவப்போடும். சோப்பில் செம்பழுப்பு. சுண்ணாம்பில் அடர்ந்த சிவப்பு. எலுமிச்சை, புளி போன்ற அமிலங்களுக்கு எதிரான தன்மையைத்தான் காரம் என்கிறோம். அது கூடக் கூடச் சிவப்பும் கூடுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்புத் தண்ணீர் செய்கிறோமே, அதே வேதியியல்தான்.

இனி சிவந்த தாளின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாக மஞ்சளாகத் திரும்பும். இந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். நிறம் அழிந்து போகவில்லை, திரும்பி வருகிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும். சட்டையை அலசியதும் கறை மஞ்சளாக ஆனதும் இப்படித்தான், சோப்பின் காரம் தண்ணீரோடு போய்விட்டது.

கூடவே ஒன்று செய்யுங்கள். மிச்சமான மஞ்சள் தாளில் ஒரு துண்டை மொட்டை மாடி வெயிலிலும், இன்னொன்றை அலமாரிக்குள் இருட்டிலும் இரண்டு நாள் வையுங்கள். வெயில் பட்டது வெளுத்துப் போயிருக்கும். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். துவைத்தும் போகாத மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் மங்குவதற்கு இதுதான் காரணம். இருட்டில் வைத்த அந்தத் துண்டு இல்லையென்றால், "நாளானதால் வெளுத்தது" என்று யாராவது சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.

சங்குப்பூ

மஞ்சள் தாளுக்கு ஒரு குறை உண்டு. அது எலுமிச்சையையும் வெறும் தண்ணீரையும் பிரித்துக் காட்டாது. அதற்கு நீலச் சங்குப்பூ வேண்டும். ஐந்தாறு பூவைக் கொதிநீரில் போட்டுப் பத்து நிமிஷம் மூடி வைத்தால் ஆழ்ந்த நீலத் தண்ணீர் கிடைக்கும். அதை மூன்று கண்ணாடி டம்ளர்களில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகும். இன்னொன்றில் ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் பச்சை ஓடத் தொடங்கும். மூன்றாவதை அப்படியே விடுங்கள், அது ஒப்பிடுவதற்கு.

1664-ல் ராபர்ட் பாயில் என்ற அறிவியலாளர் நிறங்களைப் பற்றி எழுதியபோது, வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதைப் பதிவு செய்தார். நம் வேலியில் பூக்கும் சங்குப்பூவிலும் அதே வகை நிறப்பொருள்தான் இருக்கிறது, ஆந்தோசயனின் என்பார்கள். சங்குப்பூ கிடைக்காவிட்டால் சிவப்பு முட்டைக்கோஸ் போதும். செம்பருத்தியும் வேலை செய்யும், ஆனால் அதன் நிற மாற்றம் இவ்வளவு தெளிவாக இருக்காது.

மூச்சுக்காற்றைப் பார்ப்பது

முந்தின ராத்திரியே தயார் செய்ய வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து மூடி வையுங்கள். காலையில் அடியில் வெள்ளை படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். கலக்காமல், மேல் நீரை மட்டும் இரண்டு டம்ளர்களில் பாதிப் பாதி இறுத்துக்கொள்ளுங்கள். தெளிவு முக்கியம். இப்போதே கலங்கலாக இருந்தால் பிறகு கலங்கியதா என்பது தெரியாமல் போய்விடும்.

ஒரு டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு மெதுவாக ஊத வேண்டும். ஊதுவது மட்டும்தான், உறிஞ்சக் கூடாது. ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் இதை நீங்களே ஊதிக் காட்டுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பால்போல் ஆகிவிடும். மூச்சில் இருக்கும் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு சில நாளில் இறுகுவதும் இதனால்தான், அங்கே காற்றில் இருக்கும் வாயுவை அது மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறது. நம் மூச்சில் இந்த வாயு இருக்கிறது என்பதை 1750-களில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் காட்டியதும் சுண்ணாம்பு நீரில் ஊதித்தான்.

சரி, இதில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கலங்கியதற்குக் காரணம் மூச்சா, அல்லது வெறுமனே காற்றுக் குமிழி போனதா? இரண்டாவது டம்ளர் அதற்குத்தான். சைக்கிள் பம்ப்பாலோ, காலி பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கியோ அறைக்காற்றை அதில் செலுத்துங்கள். அதே அளவு நேரம் குமிழி போனாலும் அது ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். பம்ப் யோசனையை முதலில் சொன்னது ஏழாவது படிக்கும் ஒரு பெண். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் சுண்ணாம்பு நீர் ஊதியும் கலங்கவில்லையென்றால், டப்பா ரொம்ப நாள் திறந்து கிடந்த சுண்ணாம்பாக இருக்கும். அது ஏற்கெனவே காற்றோடு சேர்ந்து மாறிவிட்டிருக்கும். புதிதாக வாங்குங்கள்.

மிளகுத்தூளும் ஒரு கடிதமும்

அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். விரல் நுனியால் நடுவில் தொட்டால் ஒன்றும் நடக்காது. அதே விரலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தடவிக்கொண்டு தொட்டால் மிளகு நாலா பக்கமும் சிதறி ஓடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல் விறைப்பாக இருக்கிறது, சோப்பு பட்ட இடத்தில் அந்த இழுப்பு தளர்கிறது. சுற்றியிருக்கும் பரப்பு இன்னும் விறைப்பாக இருப்பதால் மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது முறை அதே தட்டில் செய்தால் நடக்காது. தட்டையும் விரலையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யும்போதெல்லாம் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் நான் விடுவதில்லை. 1862-ல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலம். வீட்டில் சமையலையும் பெற்றோரையும் கவனித்துக்கொண்டே, அழுக்கும் எண்ணெயும் பட்டால் தண்ணீரின் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று பல வருஷம் அளந்தார். கருவியையும் அவரே செய்துகொண்டார். 1891-ல் தன் முடிவுகளை இங்கிலாந்தில் இருந்த இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பி வைத்தார், அதே ஆண்டு வெளிவந்தது. சமையலறையில் அறிவியல் செய்யலாமா என்று யாராவது தயங்கினால் நான் சொல்லும் பதில் இவருடைய பெயர்தான்.

பூட்டு ஊசல்

ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது எவ்வளவு கடினம் என்று கற்றுத் தர இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. நூல், ஒரே மாதிரி இரண்டு சின்னப் பூட்டு, அளவுகோல், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். இவ்வளவுதான்.

கதவுச் சட்டத்தில் உள்ள ஆணியில் நூலைக் கட்டி, ஆணியிலிருந்து பூட்டின் நடு வரைக்கும் 25 செ.மீ. இருக்குமாறு தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் கொஞ்சமாக இழுத்து விடுங்கள், தள்ள வேண்டாம். போய்த் திரும்பி வந்தால் ஒன்று. பத்து எண்ணி முடிக்க ஏறக்குறைய 10 விநாடி ஆகும். ஒரே ஒரு ஆட்டத்தை அளக்கப் போனால் பொத்தானை அழுத்தும் தாமதமே பெரிய பிழையாகிவிடும், அதனால்தான் பத்து.

இப்போது கேளுங்கள்: எடையை இரண்டு மடங்காக்கினால் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா? பெரியவர்களும் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள். இரண்டாவது பூட்டை மாட்டிப் பார்த்தால் நேரம் சற்றுக் கூடியதுபோல் வரும். "பார்த்தீங்களா, மெதுவாயிடுச்சு!" என்று ஒருவர் குதிப்பார். அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். பூட்டை எங்கே மாட்டினார்கள் என்று பாருங்கள். முதல் பூட்டுக்குக் கீழே மாட்டியிருப்பார்கள். எடை கூடியது உண்மை, கூடவே நீளமும் கூடிவிட்டது. இரண்டு பூட்டையும் நூலின் ஒரே முடிச்சில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பழைய 10 விநாடியே வரும்.

அப்புறம் நீளத்தை 50 செ.மீ. ஆக்குங்கள். இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் 14 விநாடிதான் வரும். 20 விநாடி வர வேண்டுமானால் நீளம் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். நான்கு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம். வர்க்கமூலம் என்ற சொல்லைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு, அது கதவு ஆணியில் தொங்குவது தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மெழுகுவர்த்தியும் கண்ணாடி டம்ளரும்

இதற்குப் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டா வேண்டாம்.

தட்டில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சங்குப்பூ நீரைக் கலந்துகொள்ளுங்கள், மட்டம் நன்றாகத் தெரியும். நடுவில் சின்ன மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரால் கவிழ்த்து மூடுங்கள். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும்.

"காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது" என்றுதான் பலரும் பள்ளியில் படித்திருப்போம். நானும் அப்படித்தான் படித்தேன், பல வருஷம் அப்படியே சொல்லியும் கொடுத்தேன். இந்த விளக்கத்தைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும். மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

முதலில், தண்ணீர் எப்போது ஏறுகிறது? ஆக்சிஜன் தீர்வதுதான் முழுக் காரணம் என்றால், சுடர் எரிய எரியச் சீராக ஏற வேண்டும். நடப்பது வேறு. பெரும்பகுதி ஏறுவது சுடர் அணைந்த பிறகு, விறுவிறுவென்று.

இரண்டாவது, டம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் விளிம்பை உற்றுப் பாருங்கள். பல முறை சில குமிழிகள் வெளியே வருவது தெரியும்.

மூன்றாவது, மூன்று மெழுகுவர்த்தி வைத்து அதே டம்ளரால் மூடுங்கள். டம்ளரும் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதேதான். ஆனாலும் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. சுடரின் சூட்டில் டம்ளருக்குள் இருக்கும் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியே தப்பிக்கிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், தப்பிக்கும் காற்றும் அதிகம். ஆக்சிஜன் குறைவதற்கும் சிறு பங்கு உண்டு, ஆனால் அது முழுக்கத் தீர்வதில்லை. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் நெருப்பே இல்லாமல் செய்யலாம். கனமான கண்ணாடி டம்ளரை முதலில் வெதுவெதுப்பான நீரிலும் பிறகு சூடான நீரிலும் அலசி, நீரைக் கொட்டிய கையோடு தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். எதுவுமே எரியவில்லை, ஆனாலும் டம்ளர் ஆற ஆறத் தண்ணீர் உள்ளே ஏறும். நேரடியாகக் கொதிநீரை ஊற்றாதீர்கள், டம்ளர் விரிசல் விடும்.

மைக்கேல் ஃபாரடே என்ற அறிவியலாளர் 1860-ம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் தந்தார். ஆறுமே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியவை. அதில் அவ்வளவு விஷயம் இருக்கிறது. அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

செய்யவே கூடாதவை

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும். ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் பாட்டிலை இறுக மூடாதீர்கள், வெடிக்கும். பிளக் பாயின்ட் மின்சாரம் எந்தச் சோதனையிலும் வேண்டாம், டார்ச் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோதனைக்கு எடுத்த டம்ளர்களைத் தனியாக அடையாளம் போட்டு வைத்தால், சுண்ணாம்பு ஊறிய டம்ளரில் யாரும் தெரியாமல் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

ராத்திரி முழுக்க நடக்கும் சோதனை: இட்லி மாவு

மாவு அரைத்த அன்று செய்ய வேண்டியது. நேரான, உயரமான மூன்று கண்ணாடி டம்ளர்களைச் சுத்தமாகக் கழுவி, ஒரே மாவை ஒரே அளவு, பாதிக்கும் கீழே ஊற்றுங்கள். மாவின் மட்டத்தில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று சமையல் மேடையில், ஒன்று துண்டு சுற்றிக் கதகதப்பான மூலையில். மணிக்கு ஒருமுறை மட்டத்தை அளந்து எழுத வேண்டும். தூங்கும் வரை பிள்ளைகள் எழுதட்டும், விடிகாலை அளவை யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். காலையில் ஒரே முறை போய்ப் பார்த்தால், நன்றாகப் பொங்கி அப்புறம் அமுங்கிய மாவையும் பொங்கவே இல்லாத மாவையும் பிரித்துச் சொல்ல முடியாது.

உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியாக்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றின் பெயர் லியூகோனாஸ்டாக். அவை மாவுச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகின்றன, முன்பு மூச்சில் பார்த்த அதே வாயு. உளுந்தின் வழவழப்பு அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. உளுந்து இல்லாமல் அரிசி மாவை மட்டும் நாலாவது டம்ளரில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

அடுத்த வாரம், பல வீடுகளில் நடக்கும் பழைய வாக்குவாதத்தை எடுத்துக்கொள்ளலாம். கையால் கலக்கிய மாவு சீக்கிரம் பொங்குமா, கரண்டியால் கலக்கியதா? "என் அம்மா கை பட்டாத்தான் பொங்கும்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. இரண்டு டம்ளர், ஒரே மாவு, ஒரே உப்பு, ஒரே இடம். ஒன்றைக் கழுவிய கையாலும் இன்னொன்றைக் கரண்டியாலும் ஒரே எண்ணிக்கைச் சுற்று கலக்குங்கள். கையின் சூட்டில்கூட வித்தியாசம் வரலாம், அதை எப்படித் தவிர்ப்பது என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். ஒரு ராத்திரியில் வரும் விடையை நம்பிவிடாமல் மூன்று முறை மாவு அரைக்கும்போது மூன்று முறையும் செய்யுங்கள். என் வீட்டு விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்துவிட்டால் நீங்கள் அளக்க மாட்டீர்கள்.

காலையில் கடைசி அளவை எழுதி முடித்ததும் மாவை இட்லித் தட்டில் ஊற்றிவிடலாம். எந்த டம்ளர் மாவு எந்தக் குழியில் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெந்த பிறகு ஒவ்வொன்றின் உயரத்தையும் அளவுகோலால் அளந்துவிட்டுத்தான் சட்னியைத் தொட வேண்டும்.